பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

தேயிலைத் தோட்டத்துத் துரைமார் கிளப்பை மூடப்போகிறார்கள் என்று 1957 ஜனவரியில் தெரிந்தது. பாதித் துரைமார் கப்பலேறிவிட்டார்கள். மீதிப் பேர் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பில்லியர்ட்ஸ் மேசையை நுவரெலியாவில் ஒரு ஓட்டல் எடுத்துக்கொண்டது. கிளப் நூலகத்துப் புத்தகங்களை எடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி வருவதாக இருந்தது. அவருக்குப் பட்டியல் வேண்டும். எழுதியவர் பெயர், தலைப்பு, அச்சிட்ட வருடம், புத்தகத்தின் நிலை, எல்லாம் மூன்று பிரதி.

அதற்கு இரண்டு பேரை வைத்தார்கள். பைஸர் நானா அக்கரப்பத்தனை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த மஃறூப் முதலாளியின் மகன். அவரிடம் தட்டச்சு மெஷின் இருந்தது. என்னிடம் ஹட்டன் மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இருந்தது. நான் ஏணியில் நின்று ஒவ்வொரு புத்தகமாக எடுத்துச் சத்தமாகப் படிப்பேன். அவர் கீழே உட்கார்ந்து தட்டுவார். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் காகிதத்தில் விழும். அவர் தலை தூக்கிப் பார்க்கமாட்டார்.

"மெதுவாச் சொல்லு தம்பி. ரயில் புடிக்கப் போறியா?"

"இல்ல நானா."

"அப்ப ஏன் இப்படி ஓடுற? எனக்கு இருக்கிறது பத்து விரல்தான். அதுலயும் நாலுதான் வேலை செய்யுது."

எனக்கு அவசரம் இருந்தது. பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி நுவரெலியாவில் அப்பாவின் பிரஜாவுரிமை விசாரணை. அதற்கு முன்னால் நான் அந்த நூலகத்துக்குள் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே இந்த வேலைக்கு வந்திருந்தேன். பைஸர் நானாவிடம் அதைச் சொல்லவில்லை.

அப்பா பெயர் மூக்கன். கருங்கல் தோட்டத்தில் தப்பால் வேலை. தினமும் காலையில் தோல்பையை முதுகில் மாட்டிக்கொண்டு அக்கரப்பத்தனை தபால் கந்தோருக்கு நடந்து போய்த் துரையின் கடிதங்களை வாங்கி வருவார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சின்னப் பிள்ளையிலிருந்து எல்லோரும் அவரைத் தப்பால் என்றே கூப்பிட்டார்கள். துறையூர்ப் பக்கமிருந்து 1937இல், தோட்டத்துக்கு ஆளெடுத்துக் கப்பலேற்றும் மண்டபம் கேம்ப் வழியாக அவரும் அம்மாவும் வந்தார்கள். எனக்கு அப்போது ஒரு வயது.

1939 முதல் 1945 முடிய, ஏழு வருடமும் இந்த நாட்டிலேயே இருந்தார் என்று விசாரணையில் காகிதம் காட்ட வேண்டும். காட்டினால் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இந்த நாட்டுக்காரர்கள். காட்டாவிட்டால் எந்த நாட்டுக்காரரும் இல்லை. இந்தியாவில் எங்கள் பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது.

தோட்டத்து ஆபீசில் கேட்டோம். யார் என்றைக்கு வேலைக்கு வந்தார் என்று எழுதும் செக்ரோல் 1946க்குப் பிறகுதான் இருந்தது. அதற்கு முந்தியவை கூரை ஒழுகி நனைந்து, கறையான் தின்று, அள்ளிக் கொட்டியாகிவிட்டது. புதுத் துரை, தான் வருவதற்கு முந்திய எதற்கும் கடிதம் தரமுடியாது என்றார்.

அப்போதுதான் எனக்குக் கிளப் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை சனிக்கிழமை அப்பா பழைய துரைக்காகக் கிளப்பிலிருந்து புத்தகம் தூக்கி வருவார். புத்தகம் வாங்கும்போது ஒரு பேரேட்டில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேரேடு எங்கேயாவது இருக்க வேண்டும்.

வடக்குச் சுவரில் இரண்டு அலமாரி முழுக்க அமெரிக்கச் சரித்திரம். இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகம். கிளப்புக்குப் புத்தகம் வாங்கும் பொறுப்பு எங்கள் பழைய துரையிடம் பதினெட்டு வருடம் இருந்தது. தோட்டத்தில் அவருக்குப் புத்தகத் துரை என்று பெயர். அவர் கிளப் காசில் அமெரிக்காவாக வாங்கித் தள்ளினார். மற்றத் துரைமார் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் மட்டும் வாரம் இரண்டாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தார். அமெரிக்காவுக்கு ஒரு நாளும் போனதில்லை. 1947இல் சீமைக்குப் போய் அங்கேயே செத்துப்போனார்.

"அமெரிக்கா பூரா என் முதுகுல ஏறித்தான்டா வந்துச்சு" என்பார் அப்பா. "செம கனம்."

அதில் ஒன்றும் பொய் இல்லை. ஐந்து பாகத்தில் உள்நாட்டுச் சண்டையின் கதை இருந்தது. ஒவ்வொரு பாகமும் அரைச் செங்கல். மாட்டுவண்டியில் மேற்கே போனவர்களின் கதை, பருத்தித் தோட்டங்களின் கதை, ரயில் பாதை போட்டவர்களின் கதை. ஒரு புத்தகத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்களின் படம் இருந்தது. பெரிய கூடத்தில் வரிசையாக நிற்கிறார்கள். கோட்டில் எண் எழுதிய சீட்டுக் குத்தியிருக்கிறது. மண்டபத்தில் கழுத்தில் கட்டிவிட்ட தகரத் துண்டை அம்மா அரிசிப் பெட்டிக்குள் இன்னும் வைத்திருந்தாள். நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வருடத்தையும் நிலையையும் சொன்னேன். நிலை சுமார்.

மூன்றாவது தட்டில் புத்தகங்களே இல்லை. எல்லாம் பட்டியல். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களின் நூலகங்கள் நூறு வருடத்துக்கு முன்னால் அச்சிட்ட பட்டியல்கள், முப்பத்தொன்பது. புத்தகத் துரை அவற்றையும் விலை கொடுத்து வாங்கியிருந்தார். ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு.

பைஸர் நானா அன்றைக்குத்தான் தலை தூக்கினார்.

"என்னது, புத்தகம் இல்லையா? புத்தகத்தோட பேரு மட்டுமா?"

"ஆமா நானா."

"ஓட்டல்ல சாப்பிடாம வெளியில போர்டை வாசிச்சிட்டுப் போற மாதிரி இருக்கே. இதையும் லிஸ்ட்ல போடணுமா? லிஸ்டுக்கு லிஸ்டா?"

"போடத்தான் சொன்னாங்க."

அதில் ஒரு பட்டியலின் முதல் பக்கத்தில் யாரோ மையால் எழுதியிருந்தார்கள். அந்த நூலகம் பிறகு தீப்பிடித்து எரிந்துபோனதாம். ஒரு புத்தகம்கூட மிஞ்சவில்லையாம். நான் அதைப் படித்துச் சொன்னேன். ஏனென்று தெரியவில்லை, அப்பாவின் விசாரணையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். செக்ரோல், கறையான், பேரேடு எல்லாவற்றையும்.

பைஸர் நானா மெஷினிலிருந்து கையை எடுத்தார்.

"அங்க புத்தகம் எரிஞ்சு போச்சு, லிஸ்ட் இருக்கு. இங்க உங்க வாப்பா இருக்காரு, லிஸ்ட் இல்லை" என்றார். பிறகு, "இதை நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமேடா. அந்தப் பேரேடெல்லாம் தரையோட இருக்கிற பெட்டிக்குள்ள கிடக்கு. நேத்து நான் காலை நீட்டிக்கிட்டிருந்தது அதுமேலதான்" என்றார்.

பெட்டிக்குள் நான்கு பேரேடுகள் இருந்தன. இரண்டாவது 1936இலிருந்து 1947 வரை. நீளமான ஏடு, சிவப்புக் கோடு. திகதி, புத்தகம், தோட்டம், கடைசியில் பெற்றுக்கொண்டவர் கையொப்பம். வெள்ளிமீன் பூச்சி ஓரங்களைத் தின்றிருந்தது. நடுவில் ஒரு சேதமும் இல்லை.

1939 ஜனவரி முதல் சனிக்கிழமை. கருங்கல் தோட்டம். காலனிகளின் சரித்திரம், இரண்டு பாகம். பெற்றுக்கொண்டவர்: ஆண்டியப்பன்.

அடுத்த சனிக்கிழமை. ஆண்டியப்பன். அதற்கடுத்தது. ஆண்டியப்பன். நான் பக்கங்களைப் புரட்டினேன். 1940. 1942. யுத்தம் நடக்கும்போதும் புத்தகத் துரை படித்துக்கொண்டிருந்தார். 1945 டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை. ஏழு வருடமும் ஒரே கை, ஒரே சுழிப்பு, தமிழில் ஒரே பெயர். மூக்கன் என்று ஒரு இடத்திலும் இல்லை.

"யாருடா ஆண்டியப்பன்?" என்றார் பைஸர் நானா.

நான் பேரேட்டை மூடினேன்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். அவர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து காலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். அம்மா, ராக்காயி, மலையிலிருந்து இறங்கி வந்து கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டியப்பனா? எனக்கு முந்தின தப்பால்" என்றார் அப்பா. "நல்ல மனுசன். நாம வந்த மறு வருசம், ஊருக்குப் போயிட்டு மூணு மாசத்துல வந்துர்றேன், அதுவரைக்கும் பையைப் பாத்துக்கன்னு என்கிட்ட குடுத்துட்டுப் போனாப்புல. அடுத்த வருசம் அங்கேருந்து ஆள் வர்றதையே நிப்பாட்டிட்டாங்க. வர முடியல."

"அவர் பேரை ஏன் நீங்க போட்டீங்க?"

"கணக்கப்பிள்ளை போடச் சொன்னாரு. செக்ரோல்ல தப்பால்னா ஆண்டியப்பன்னு இருக்கு, பேரை மாத்துனா பெரிய துரை கையெழுத்து, கந்தோர்ல கையெழுத்து, ஏகப்பட்ட வேலை, அவன்தான் வந்துருவானேன்னாரு. எனக்கு எழுதத் தெரியாதுன்னேன். அவரே ஒரு காயிதத்துல ஆண்டியப்பன்னு எழுதிக் குடுத்தாரு. ஒரு மாசம் பாத்துப் பாத்துப் பழகுனேன்."

"அந்த மனுசன் வரவே இல்லை. செக்ரோல்ல அப்புறமும் மாத்தலையா?"

"புதுச் செக்ரோல் எழுதுனப்ப மாத்துனாங்க. மூக்கன்னு போட்டாங்க."

"கையெழுத்து?"

"கையெழுத்து அதேதான். கந்தோர்ல அந்தக் கையெழுத்தத்தானே தெரியும். மாத்துனா ரிஜிஸ்டர் காயிதம் குடுப்பாங்களா?"

அம்மா கூடையைத் தட்டினாள். "இவருக்குப் பேரு வச்சதே தண்டம்டா. மூக்கன்னு யாரு கூப்புட்டா? அவுங்க ஆத்தா கூப்புட்டுச்சு. அதோட சரி."

"ராக்காயி, செத்த சும்மா இரு."

"அப்பா, இத்தனை வருசமா இன்னொருத்தர் பேரைப் போட்டுக்கிட்டு இருக்கீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

அப்பாவுக்கு நான் சொல்வது புரியவில்லை. "அது என் பேரு இல்லடா. பையோட பேரு" என்றார். "யாரு பையைத் தூக்குறாங்களோ அவுங்க போட வேண்டியது."

ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் மூக்கன் என்று எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்து எழுதச் சொன்னேன். அவர் குனிந்து நேரம் எடுத்துக்கொண்டு எழுதினார். முதல் எழுத்தின் சுழி வரவில்லை. இரண்டு தரம் அழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே கரியைத் திருப்பி, கையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் ஆண்டியப்பன் என்று எழுதினார். அழகாக இருந்தது. அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அது.

அம்மா விளக்குமாற்றால் இரண்டு பெயரையும் கூட்டித் தள்ளிவிட்டுச் சட்டியை வைத்தாள்.

மறுநாள் பைஸர் நானா, பேரேட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்.

"உள்ளதைச் சொல்லு. கணக்கப்பிள்ளை போடச் சொன்னாரு, போட்டாருன்னு சொல்லு. கையெழுத்தை ஒத்துப் பாக்கட்டும்."

"கணக்கப்பிள்ளை செத்துட்டாரு நானா. ஆண்டியப்பன் எங்க இருக்காருன்னு தெரியாது. மனுவில பேர்ல ஒரு எழுத்து மாறியிருந்தாலே தள்ளிடுறாங்கன்னு தொழிலாளர் சங்கத்துல சொன்னாங்க. இது ஆளே வேறன்னு சொல்லிடுவாங்க. ஆள் மாறாட்டம்னு போட்டுட்டா?"

"அப்ப என்ன செய்யப்போற?"

அதற்கு ஒரு வழியை நான் காலையில் நடந்து வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். கிளப் செயலாளர் ஹென்ஷா துரை நல்லவர். பேரேட்டிலிருந்து ஒரு சாரத்தை எடுத்துத் தட்டிக் கொடுத்தால் அதற்கு அத்தாட்சிக் கையெழுத்துப் போடுவார். பாதிப் பொருள் கட்டியாகிவிட்ட வீட்டில் அவர் எதையும் படித்துப் பார்க்கும் நிலையில் இல்லை. கேட்டேன். சரி என்றார்.

மேசையில் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு நான் படித்தேன். பைஸர் நானா கிளப் தாளை மெஷினில் செருகியிருந்தார்.

"1939 ஜனவரி முதல், 1945 டிசம்பர் முடிய" என்றேன். அவர் தட்டினார்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும், கருங்கல் தோட்டத்துக்காக, நூலகப் புத்தகங்களை நேரில் வந்து பெற்றுக்கொண்டவர்."

தட்டினார். நிறுத்தினார். விரல் மெஷின் மேலேயே இருந்தது.

"பேரு?"

ஏட்டில் என் விரலுக்குக் கீழே ஆண்டியப்பன் என்று இருந்தது. இத்தனை நாளும் அந்த அறையில் நான் சொன்னது எதையும் அவர் சரிபார்த்ததில்லை. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"மூக்கன்" என்றேன்.

அவர் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். தட்டினார். ஹென்ஷா துரை நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பிறகு அப்பா நலமா என்று கேட்டார். நலம் என்றேன்.

பன்னிரண்டாம் திகதி காலை முதல் பஸ்ஸில் தலவாக்கலை போய், அங்கிருந்து நுவரெலியா போனோம். அப்பா புதுத்துரை கொடுத்த பழைய கோட்டைப் போட்டிருந்தார். அம்மாவுக்கு இருமல் என்பதால் வரவில்லை. வழி நெடுக அப்பாவிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

"கைநாட்டுத்தான் வைக்கணும். மனுவில கைநாட்டுத்தான் வச்சீங்க. எழுதத் தெரியாதுன்னு சொல்லுங்க."

"சரிடா."

"பேனா குடுத்தா வாங்கக் கூடாது."

"சரிடா. எத்தனை தடவை."

விசாரணை ஐயா வயதானவர், சிங்களவர். கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றியிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர் ஒருவர், தமிழர், கண்ணாடி போட்டவர். நாங்கள் கொடுத்த எல்லாவற்றையும் ஐயா மேசையில் பரப்பினார். கிளப் சாரத்தை இரண்டு தரம் படித்தார். முகம் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது.

"வாரா வாரம் என்ன தூக்கினீர் என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்க்கிறவர்.

"அமெரிக்காங்க" என்றார் அப்பா.

மொழிபெயர்க்கிறவர் சொன்னதும் ஐயா சிரித்துவிட்டார். துரையின் பெயர் கேட்டார். கிளப்புக்குப் போகிற வழி கேட்டார். அப்பா பாலம், கோயில், சவுக்குமரம், எல்லாம் சொன்னார். யுத்தக் காலத்தில் பாதையில் லாரிகள் போனதைச் சொன்னார். ஐயா ஒவ்வொன்றாக எழுதினார். பிறகு வாக்குமூலத்தைத் திருப்பி வைத்தார். அப்பா கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். சரியாக வைத்தார்.

"முடிந்தது. தீர்ப்புத் தபாலில் வரும்" என்றார் மொழிபெயர்க்கிறவர். "சாரத்தை நாங்கள் வைத்துக்கொள்வோம். மண்டபத்துத் தகரத்தையும் கேம்ப் சீட்டையும் கொண்டுபோகலாம். வாசலில் வாங்கிக்கொள்ளுங்கோ."

வாசலுக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் பியூன் இருந்தான். தகரத்தையும் சீட்டையும் எடுத்து வைத்தான். நீளமான பேரேட்டைத் திருப்பி அப்பா பக்கம் தள்ளினான். சிவப்புக் கோடு போட்ட ஏடு. கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தான். மேசையின் மூலையில் பேனா ஒரு கயிற்றில் கட்டியிருந்தது.

நான் வாசலில் மழை விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம்தான். திரும்பும்போது அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தகரத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஏட்டில் ஈரம் காயாமல் ஒரே இழுப்பில் எழுதியிருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் மை கொஞ்சம் தீற்றியிருந்தது.

பியூன் ஏட்டைத் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் கைநாட்டு வைத்த ஆள் எழுதுகிறானே என்று நினைத்திருப்பான். எழுந்து உள்ளே கொண்டுபோனான்.

எங்களை மறுபடி கூப்பிட்டார்கள்.

"எழுதத் தெரியாது என்றீர்" என்றார் மொழிபெயர்க்கிறவர்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"இதில் ஆண்டியப்பன் என்று இருக்கிறது. யார் ஆண்டியப்பன்?"

"நான்தாங்க."

"அப்ப மூக்கன் யார்?"

"அதும் நான்தாங்க."

ஐயா சிரிக்கவில்லை. கிளப் சாரத்தை எடுத்து மறுபடி பார்த்தார். என்னைப் பார்த்து இங்கிலீஷில், இதை யார் தயாரித்தது என்று கேட்டார். நான் என்றேன். மூலப் பேரேட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று கேட்டார். ஆண்டியப்பன் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் களைப்பாக இருந்தது. வெளியில் இன்னும் பதினெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

கணக்கப்பிள்ளையைப் பற்றியும் ஊருக்குப் போனவரைப் பற்றியும் அப்பா சொன்னார். மொழிபெயர்க்கிறவர் பாதியைத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. திருத்தவில்லை.

பஸ் நானுஓயாவைத் தாண்டியது. எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. காலில் செருப்பு நனைந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"தப்பாப் போச்சாடா?" என்றார் அப்பா.

"தெரியலைப்பா."

"பேனாவைக் கயித்துல கட்டியிருந்தாங்கடா. கிளப்புல மாதிரியே. கட்டத்தக் காட்டுனான். நான் யோசிக்கவே இல்லை."

"சரிப்பா."

"கை தானாப் போயிருச்சு."

அவர் வலது கையை மடியில் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டைவிரல் கறுப்பாக இருந்தது.

கிளப்பில் இன்னும் எட்டு நாள் வேலை பாக்கி இருந்தது. போனேன். பைஸர் நானா என் முகத்தைப் பார்த்தார். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். பயணக் கதைகள், நாய் வளர்ப்பு, பைபிள் விளக்கம் எல்லாவற்றையும் முடித்தோம். நான் சொன்னேன், அவர் தட்டினார். மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று.

கடைசி நாளில் ஹென்ஷா துரை, பட்டியலில் சேராத காகிதங்களைப் பின்பக்கம் வைத்து எரிக்கச் சொன்னார்.

"அந்தப் பேரேட்டையும் லிஸ்ட்ல போட்டுடலாமா?" என்றார் பைஸர் நானா. "அமெரிக்காவோட சேத்து. இருநூத்திப் பதிமூணுன்னு போட்டுடுவோம். யாரு பாக்கப் போறா? பத்திரமா எங்கயாவது இருக்குமில்ல."

"எழுதினவர் பேருன்னு என்ன போடுவீங்க?"

அவர் யோசித்தார். பிறகு மெஷினின் மூடியைப் போட்டார்.

நான்கு பேரேடும் எரிய நேரம் பிடித்தது. தடித்த அட்டை. தோட்டக்காரர் ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார். எரிவதைப் பார்த்தபோது, அந்த அமெரிக்க ஊர்ப் பட்டியல் கொழும்புக்குப் போகிற பெட்டியில் இருக்கிறது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக லயத்துக்கு வந்தார். பையை இன்னும் ஆபீசில் கொடுத்திருக்கவில்லை. ரிஜிஸ்டர் தபாலில் வந்த நீளமான பழுப்புக் கவர் ஒன்றைக் கோட்டுக்குள் வைத்திருந்தார்.

"கந்தோர்ல நம்ம பேருக்குன்னு குடுத்தாங்கடா. படி."

"யாரு பேருக்கு?"

"கந்தோர்ப் பெரியவரு படிச்சுக் காட்டுனாரு. ரெண்டு பேரும் போட்டிருக்காம்."

கவரின் மேல் தட்டச்சில் இருந்தது: மூக்கன் என்கிற ஆண்டியப்பன், கருங்கல் தோட்டம். இங்கிலீஷில் அப்படித்தான் எழுதுவார்கள். குற்றவாளிகளின் பெயரைப் பேப்பரில் போடுவதும் அப்படித்தான்.

"கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குனீங்களா?"

"போடாமக் குடுப்பாங்களா?"

எந்தப் பெயரைப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

கவரைக் கிழித்தேன். ஒரே தாள். மூன்று பத்தி. அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் முதலில் மனசுக்குள் படித்தேன். 1939க்கும் 1945க்கும் இடையில் மூக்கன் என்பவர் இந்த நாட்டில் வசித்ததற்கு ஆதாரம் இல்லை. ஆண்டியப்பன் என்பவர் மனுச் செய்யவில்லை.

"என்னடா போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"ரெண்டு பேரும் இல்லையாம்ப்பா."

அவர் தலையாட்டினார். ஒரு பார்சல் வரவில்லை என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவாரோ அப்படி. தாளை என் கையிலிருந்து வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்துக் கவருக்குள் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் தகரத்தோடு அரிசிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"துரைக்கு இன்னும் காயிதம் குடுக்கல" என்றார். தோல்பையை முதுகில் ஏற்றிக்கொண்டு, வார் திருகியிருந்ததைச் சரிசெய்யச் சொல்லி எனக்கு முதுகைக் காட்டினார். நான் சரிசெய்தேன்.